துணைக்கு வந்தவள்

ஹாலின் நட்டநடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, வெறும் தரையில் அவள் மல்லாந்து படுத்திருந்தாள்.

சனிக்கிழமை. வெயில் ஏறிவிட்டது. இன்னும் குளிக்கவில்லை.

பாய் இல்லை. தலையணை இல்லை. ஏன் இங்கே படுத்திருக்கிறாய் என்று கேட்க ஆளும் இல்லை.

அந்த வீட்டில் ஹாலில் யாரும் படுப்பதில்லை. குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் வைத்தீஸ்வரன் நாலு பேரை உட்காரவைத்து நாட்டைத் திருத்துகிற இடம் அது. அவர் இவளுடைய கணவரும்கூட. அந்தப் பதவிக்குச் சால்வை கிடையாது என்பதால் அவர் அதை அவ்வளவாகக் குறிப்பிடுவதில்லை.

விடியும் முன்பே வண்டி ஏறிவிட்டார். கொடைக்கானலில் மூத்த குடிமக்கள் முகாம். ‘பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வது எப்படி?’ என்று சிறப்புரை.

கிளம்புமுன் உரையை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். இவள் குனிந்து அவருடைய முழங்காலுக்குப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தார்.

“தனியா இருந்துக்குவியா?”

“இருந்துக்குவேன்.”

கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டாள் போல. அவர் முகத்தில் கவலை வந்துவிட்டது.

பிறந்த வீட்டில் ஒரு கும்பல். புகுந்த வீட்டில் அதைவிடப் பெரிய கும்பல். பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூடக் கட்டிலுக்கு அடியில் ஒரு சித்தி படுத்திருந்தாள். ஒரு வீடு, அதில் இவள் மட்டும் என்பது இந்த ஐம்பத்து நாலாவது வயதில்தான் வாய்த்திருக்கிறது. அதுவும் திங்கள் காலை வரைக்கும்.

பயமா? பயம்தான்.

யாராவது வந்துவிடுவார்களோ என்று.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் பிரபாவதி. வைத்தீஸ்வரனின் தங்கை. லால்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள், கையில் துணிப்பையோடு.

“அண்ணன் போன் பண்ணாரு. அண்ணி தனியா இருக்காங்க, துணைக்குப் போய் இருன்னு.”

நம் ஊரில் ஒரு பெண் தனியாக இருப்பது, வீட்டில் கேஸ் கசிகிற மாதிரி. யாராவது ஓடி வந்து ஜன்னலைத் திறந்தே ஆகவேண்டும்.

இவள் சிரித்தாள். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது.

போச்சு. இனி சாம்பார் வைக்கவேண்டும். அப்பளம் பொரிக்கவேண்டும். தனிக்குடித்தனம் போன மருமகளின் புராணத்தை முதல் அத்தியாயத்திலிருந்து கேட்கவேண்டும். துணை என்பது சாப்பிடும், பேசும், நாலு மணிக்குக் காபி கேட்கும்.

“உட்காரு பிரபா. காபி போடறேன்.”

பிரபாவதி உட்காரவில்லை. பையைக் கீழே வைக்கவுமில்லை. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் மாதிரி ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தாள்.

“அண்ணி, தப்பா நெனைக்கக் கூடாது. அந்தப் பின்பக்க ரூம்ல நான் கதவச் சாத்திக்கட்டுமா?”

“தலவலியா?”

“இல்ல.”

“தூக்கம் வருதா?”

“இல்ல அண்ணி. சும்மா.”

இவள் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருவரும் பேசாத பேச்சில்லை, போடாத சண்டையில்லை. இந்தச் ‘சும்மா’வை இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

“தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகும். அழுத்திப் போடு.”

சாம்பார் வைக்கவில்லை.

பசித்தபோது ஒருத்தி வந்து தோசை வார்த்து, நின்றபடியே தின்றுவிட்டுப் போனாள். வெகுநேரம் கழித்து இன்னொருத்தி. அவரவர் தட்டை அவரவர் கழுவிக் கவிழ்த்தார்கள்.

சாயங்காலம் பின்னறைக்குள் பிரபாவதி தனக்குத்தானே சிரிக்கும் சத்தம் கேட்டது. என்னவென்று இவள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இருட்டியதும் வைத்தீஸ்வரன் கூப்பிட்டார்.

“மப்ளரை எங்க வெச்சே? பொட்டி பூராத் தேடிட்டேன்.”

“கழுத்துல பாருங்க.”

கழுத்தில்தான் இருந்தது.

“சரி சரி. பிரபா வந்துட்டாளா? பார்த்தியா, கூட ஒரு ஆள் இருந்தா எவ்வளவு தெம்பு!”

“ஆமாங்க. ரொம்பத் தெம்பா இருக்கு.”

ஞாயிறு மதியம் பின்னறைக் கதவு திறந்தது. பிரபாவதி பையோடு வந்தாள். காதில் போன். அவள் கணவரின் குரல் ஹால் வரைக்கும் கேட்டது.

“நேத்திலேர்ந்து ஒரு ரசத்துக்கு வழியில்ல. உங்க அண்ணி என்ன பச்சப் புள்ளையா? இப்பவே கெளம்பு.”

“கெளம்பிட்டேன்” என்றாள் பிரபாவதி.

தரையில் கிடந்தவள் கண்ணை மூடிக் கணக்குப் போட்டாள். பிரபா போய்விட்டால் இந்த ராத்திரி மொத்த வீடும் தனக்கு. தனக்கே தனக்கு.

கண்ணைத் திறந்தபோது பிரபாவதி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். அடுக்களைக்குள் நுழையும்போது செருகுவது மாதிரி.

இவள் முழங்கையை ஊன்றி எழுந்தாள். கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

“அண்ணே, நல்லாயிருக்கீங்களா?” தன்னிடம் இல்லாத ஒரு நடுங்கும் குரலை எங்கிருந்தோ கடன் வாங்கியிருந்தாள். “ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லண்ணே. எலி ஓடினாக்கூட நெஞ்சு படபடங்குது. பிரபா இருக்கவே உசுரு நிக்குது.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ரசம் மறந்துபோயிற்று.

“அடடா. அழாத தங்கச்சி. அவ நாளைக்கு வரட்டும்.”

போனைத் திருப்பிக் கொடுத்தாள். பின்னறை வாசல்வரை போன பிரபாவதி திரும்பினாள்.

“அண்ணி, அடுத்த மாசம் அண்ணனை எங்கயும் பேசக் கூப்பிடலையா?”

“ஏற்காட்டுல கூப்பிட்டிருக்காங்க. முழங்கால் வலிக்குது, யோசிக்கணும்ங்கிறாரு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இவள் தன்னுடைய போனைத் தேடி எடுத்தாள்.

“ஏங்க, நேத்து முகாம்ல நீங்க பேசினதைப் பத்தி நான் கேக்கவே இல்லையே. முதல்லேர்ந்து சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம.”