கை தட்டாத துணைவேந்தர்

கடைசி ஸ்வரம் அடங்கியும் அரங்கத்தில் யாருக்கும் அசைய மனம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே டெர்வென்ட் ஆறு பனிமூட்டத்தில் காணாமல் போயிருந்தது. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரமே கண்ணை மூடிக்கொண்டு கேட்டது போலிருந்தது. பாதித் தூக்கத்தில் யாரோ தலையைக் கோதிவிடுகிற சுகம், இசைத் துறை மாணவர்களின் வாசிப்பில்.

பிறகுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

முதல் வரிசையில் ஒருவர் மட்டும் தட்டவில்லை. துணைவேந்தர் இமோஜன் டாஸ்கர். மடியில் கோத்த கை கோத்தபடியே இருக்க, ஷூவை மரத்தரையில் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டிருந்தார். கைதட்டல் ஓய்ந்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டது.

பியானோ ஆசிரியர் ஹியூ பாஸ்கோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இசைத் துறையை மூடுவதா வேண்டாமா என்று நாளைக்கு ஓட்டெடுப்பு. பல்கலைக்கழக நிர்வாகக் குழுவில் மூடச் சொல்பவர்கள் பாதி, வேண்டாம் என்பவர்கள் பாதி. தலைவர் இமோஜனின் ஓட்டுதான் முடிவு. அதுவரை தலைவர் எந்தப் பக்கமும் பேசக் கூடாது என்பது விதி.

சரி, பேச வேண்டாம். பிள்ளைகளுக்கு இரண்டு தட்டு தட்டினால் கை தேய்ந்தா போய்விடும்? இத்தனைக்கும் இதே ஊர் இசைக்குழுவில் வயலினுக்கு அக்காவான வயோலாவை வருஷக்கணக்காக வாசித்தவர்!

மேடைக்குப் பின்னால் மாணவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். ஹியூ அவர்கள் நடுவே போய் நின்றார்.

"அழாதீங்கப்பா. நாற்காலி கிடைச்சதும் வாசிச்ச காலத்தை மறந்துடுச்சு அந்தம்மா. சேத்துல மிதிச்ச மாதிரில்ல காலைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு! இப்பவே போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

முதல் வயலின் வாசித்த டெஸ் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ ஹியூ, போய்க் காரியத்தைக் கெடுத்துடாதீங்க! நீங்க எப்பவாச்சும் இசைக்குழுவுக்குள்ள உக்காந்து வாசிச்சிருக்கீங்களா?"

"நான் தனியா வாசிக்கிறவன். அதுக்கென்ன இப்போ?"

"அதான் உங்களுக்குத் தெரியல. எங்களுக்கு ஒரு கையில வயலின், இன்னொரு கையில வில். எங்கள்ல ஒருத்தர் பிரமாதமா வாசிச்சுட்டா நாங்க எப்படிக் கை தட்டுவோம்?"

ஹியூ தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார்.

டெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"காலாலதான். அவங்க ஓட்டுப் போட்டாச்சு ஹியூ. எங்க அத்தனை பேருக்கும் கேட்டுச்சு!"