கொக்கியின் உயரம்

ஜம்புலிங்கம் குனிந்து, தரையிலிருந்து டிராக்டரின் கொக்கி வரை சாணால் அளந்தார். இரண்டு சாண். நம்பிக்கை வராமல் மறுபடியும் அளந்தார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டம் சிரித்தது. "அரே தாதா, அதுக்குச் சட்டையா தைக்கப் போறீங்க? சலோ, சலோ, இழுங்க!"

அந்தமானில், ரங்கத் மைதானத்தில் குடியரசு நாள் போட்டி. வெட்டிப் போட்ட இருபதடி நீளப் படாக் மரத்தை டிராக்டரில் கட்டி இழுத்து, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒருவருக்கு இரண்டு வாய்ப்பு.

மற்ற மூன்று டிராக்டர்களும் புதியவை. இவருடையது, மரக் கம்பெனி பழைய இரும்பென்று ஏலத்தில் தள்ளிவிட்டது. பின் டயர்கள் ஒன்றுக்கொன்று ஜோடியில்லை. ரேடியேட்டருக்கு மூடியாகத் துணி சுற்றிய மரக்கட்டை. முன்பக்கம் பாரத்துக்குக் கடல்மணல் நிரப்பிய இரண்டு சாக்குகள்.

"இருபது வருஷம் யானைய வச்சு மரம் இழுத்த மனுசன், அறுபது வயசுல டிராக்டர் பழகுறாரு" என்றார் பக்கத்து டிராக்டர்காரர் அப்துல் குத்தூஸ். "பரவாயில்ல, இதுக்குக் கரும்பு வாங்கிப் போட வேண்டாம்."

சிரித்துக்கொண்டே அவர் சங்கிலியை எடுத்துக் கொடுக்க வந்தார்.

"தொடாதீங்க பாய்." ஜம்புலிங்கத்தின் குரல் சட்டென்று உயர்ந்தது. பிறகு தணிந்தது. "சங்கிலிய நானே கட்டிக்கிறேன்."

தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்திருந்த ஜம்புலிங்கத்தின் மனைவி பொன்னம்மா அந்த டிராக்டரைப் பார்க்கவில்லை. கணவர் கெஞ்சிக் கேட்டதற்காகத்தான் வந்திருந்தாள்.

இரண்டு வருடம் முன்பு, மரம் வெட்டும் முகாமில் பின்பக்கமாகக் கவிழ்ந்து, அதை ஓட்டிய அவள் மகன் உதயசூரியனை நசுக்கியது இதே டிராக்டர்தான். உடலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், அதே முகாமில் வேலை செய்த ஜம்புலிங்கம். 'ஓட்டியவர் குடித்திருந்தார்' என்று அப்போதிருந்த மரக் கம்பெனி மேனேஜர் விபத்துக் காகிதத்தில் எழுதிவிட்டார்.

குடிக்க மாட்டேன் என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் அவன். கணவர் சொல்லியும் கேளாமல் அந்தக் காகிதத்தையே நம்பி, பொன்னம்மா அவன் போட்டோவைக் குப்புறப் போட்டு டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அதன்பின் அவனுக்காக அவள் அழவும் இல்லை.

விசில் ஒலித்தது. ஜம்புலிங்கம் சங்கிலியை, அளந்து பார்த்த கொக்கியில் மாட்டவில்லை. மேலே, சீட்டுக்குப் பின்னாலிருந்த இரும்புத் தண்டில் சுற்றிக் கட்டினார்.

"அண்ணே, அங்கயா?" என்றார் குத்தூஸ். ஜம்புலிங்கம் ஏறி உட்கார்ந்தார்.

எஞ்சின் உறுமியது. பின் சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. மரம் அசையவில்லை; மணல் சாக்குகளோடு டிராக்டரின் முன்பக்கம் எழும்பியது. முழங்கால் உயரம். இடுப்பு உயரம்.

கூட்டம் அலறியது. பொன்னம்மா எழுந்து நின்றுவிட்டாள். ஜம்புலிங்கம் கிளட்சை மிதித்தார். முன்சக்கரங்கள் தொப்பென்று தரையில் விழுந்தன.

அவர் இறங்கினார். சங்கிலியை அவிழ்த்துக் கீழ்க் கொக்கியில் மாட்டினார். அதே மரம், அதே டிராக்டர். இந்த முறை முன்சக்கரங்கள் தரையை விட்டு எழவில்லை. மரம் மண்ணை உழுதபடி வந்து கோட்டைத் தாண்டியது.

கைதட்டலைக் கவனிக்காமல் அவர் நடுவரிடம் போனார். நடுவர் சொக்கலிங்கம், மரக் கம்பெனிக்குப் புதிதாக வந்த மேனேஜர்.

"பாத்தீங்களா சார்? நான் காலைல இருந்து வெறும் டீதான் குடிச்சிருக்கேன். என் பையன் செத்த அன்னைக்கும் சங்கிலி மேலதான் கட்டியிருந்துச்சு; மேல கட்டினா யார் ஓட்டினாலும் முன்பக்கம் தூக்கும். என் பையன் குடிக்கல. அந்தக் காகிதத்த மாத்தி எழுதுங்க."

"இத ஆபீஸ்ல வந்து சொல்லியிருக்கலாமே பெரியவரே?"

"ரெண்டு வருஷமாச் சொல்றேன் சார். பெத்தவன் வேற எப்படிச் சொல்லுவான்னு அனுப்பிட்டாங்க. அதான் இதையே ஏலத்துல எடுத்தேன். தோட்டத்துல கட்டிக் கட்டி இழுத்துப் பாத்தேன்."

"சங்கிலி ஏன் அவ்வளவு உயரத்துல கட்டணும்?"

"யானைக்கு அப்படித்தான் சார். மேலேருந்து இழுத்தா மரத்து மூக்கு சேத்துல புதையாது. அதே பழக்கத்துல அன்னைக்கு இதுக்கும் கட்டியாச்சு."

சொக்கலிங்கம் டிராக்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி. உங்க பையன் மேல தப்பில்லன்னு நாளைக்கே எழுதுறேன்."

அதற்குள் பொன்னம்மா வந்திருந்தாள். முதல் தடவையாக அந்த டிராக்டரைத் தொட்டாள்.

"எம்புள்ள குடிக்கலையா? ஐயோ, ரெண்டு வருஷமா அவன் மூஞ்சியப் பாக்காம இருந்துட்டேனே!" சாக்கிலிருந்து கொட்டிய மணல்மேல் அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். "அப்ப எந்தப் பாவி சங்கிலி கட்டினது? அவன் கை அழுகிப் போக!"

ஜம்புலிங்கம் அவள் முன்னால் குந்தினார். கிரீஸ் படிந்த இரண்டு கைகளையும் அவளிடம் நீட்டினார்.

"இந்தக் கைதான், பொன்னம்மா."