எழுந்து நின்ற நாள்

ஐம்பத்திரண்டு வயதில் வத்சலா அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள ஏழுமலையிடம் போனாள். போன வருடம் அவள் மகன் நிரஞ்சனுக்குக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் மகன் திரும்பவில்லை, பலகை மட்டும் கரைக்கு வந்தது. தான் யாரென்று அவள் சொல்லவில்லை. ஒரு பிள்ளையை எப்படித் தவறவிட முடிகிறது என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏழுமலையிடம் குறை எதுவும் அகப்படவில்லை. இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்ட விடமாட்டான். அவள் விழும்போதெல்லாம் தலை வெளியே தெரியும்வரை அவன் கண் நகராது. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பதினோராம் நாள் காலை பலகையைத் தள்ளிவிட்டு, "எந்திரிங்கம்மா, எந்திரிங்க!" என்று கத்தினான். எழுந்து நின்றாள். அலை கரைவரை தூக்கிக்கொண்டு போனது. வாய்விட்டுச் சிரித்தாள். நிரஞ்சன் போனபின் முதல் சிரிப்பு. மணலில் கால் பட்டதும் அது கசந்தது.

ஏழுமலை ஓடிவந்தான். "சூப்பரும்மா! நாளைக்கு இன்னும் கொஞ்சம் உள்ள போலாம்."

"எம்பையன் நிரஞ்சன்கிட்டயும் இப்படித்தான் சொன்னியா?"

அவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"அன்னிக்குக் கடல் சரியில்ல, வராதன்னு சொன்னேம்மா. கேக்காம தம்பி தனியா போயிருக்கு."

பொய் என்று கத்த வாயெடுத்தாள். முடியவில்லை. அவள் கால்களும் கடலைப் பார்த்துப் பரபரத்துக்கொண்டிருந்தன, இன்னும் ஒரே ஒரு அலை என்று.