நீந்தாத மீன்

"குளிக்கும்போது தண்ணீர், சாப்பிடும்போது மீன் என்று விளையாட்டாகவே சைகை மொழியைக் கற்றுக்கொடுங்கள்" என்று டீச்சர் சொல்லியிருந்தாள். ஷாதிபூர் ஜெயலட்சுமிக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். நாளை அவள் தீவிலிருந்து சென்னைக்குக் கப்பல் ஏறவேண்டும்.

"எங்க ராஜா இல்ல, மீன் காட்டுங்க பார்ப்போம்!"

கை அசையவில்லை. முகம்தான் உம்மென்று ஆனது.

"காட்டினாத்தான் சோறு! நான் மெயின்லாண்ட் போனப்புறம் பசி, தாகம்னா வீட்ல எப்படிப் பேசிக்கிறதாம்?"

தட்டு தள்ளப்பட்டது. அவளுக்குப் பொறுமை போயே போய்விட்டது.

"காது கேட்காத கோகுல் அஞ்சு வயசுல எல்லாம் கத்துக்கிட்டான். ஆபீஸ்ல மைக் கிடைச்சா விடமாட்டீங்க. பெத்த பிள்ளைகிட்ட மீன் வேணுமான்னு கேட்க உங்களுக்குக் கை வரலையா?"

"வீட்டுக்கு வர்ற பியூன் பார்த்தா சிரிப்பான்டி" என்றார் இன்ஜினியர் சிவபிரகாஷ்.

கோகுல் சிரிக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து, மெல்ல நீந்தவைத்தான்.