மணல் பள்ளத்தில் ஒரு சம்பந்தம்

மணல் பள்ளத்துக்குள் நின்ற தேவேந்திரனுக்கு, கரைமேல் கைகட்டி நின்ற பிரேம்நாத்தின் வெள்ளை ஷூ மட்டும்தான் தெரிந்தது. அந்த ஷூ அசையவே இல்லை. மூன்று முறை ஓங்கி அடித்தும் பந்தும் அசையவில்லை.

தேவேந்திரன் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கடை வைத்திருப்பவர். அவர் மகள் இளவரசியும் பிரேம்நாத்தின் மகன் குருவும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தார்கள், ஒருவரையொருவர் விரும்பினார்கள். இரண்டு வீட்டிலும் அதற்கு மறுப்பில்லை. ஆனால் யார் முதலில் யார் வீட்டுக்குப் போவது என்பதில் இரண்டு வருஷமாகத் தகராறு. பையன் வீட்டார்தான் பெண் கேட்டு வர வேண்டும் என்று இவர் சொல்லிவிட்டார். பெண்ணைப் பெற்றவர்தான் வந்து பேச வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

கடைசியில் இளவரசிதான் வழி கண்டுபிடித்தாள். குருவின் அப்பாவுக்கு கோல்ஃப் என்றால் உயிராம். ஓரிக்கையைத் தாண்டி இருக்கும் மைதானத்தில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி இரண்டு பேரும் ஒரு ஆட்டம் ஆடிவிட்டால், யாரும் யார் வீட்டுப் படியும் ஏற வேண்டியதில்லை. ஆடத் தெரியாதே என்று தேவேந்திரன் தயங்கியதற்கு, கற்றுக்கொண்டால் போயிற்று என்றாள்.

நாற்பது நாள் கற்றுக்கொண்டார். பயிற்சியாளர் வெங்கடேசன் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்தார். மொட்டைமாடியில் பழகியபோது இரண்டு பந்துகள் பக்கத்து வீட்டுச் சாயத் தொட்டியில் விழுந்து அரக்கு நிறத்தில் திரும்பி வந்தன. கடையில் புடவையை விரித்துக் காட்டும்போதே இடுப்பைத் திருப்பி, ஒரு கண்ணை மூடித் தூரத்தைப் பார்ப்பார். சில பெண்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

ஆட்டத்துக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரேம்நாத் வந்து இறங்கிய விதத்தைப் பார்த்ததுமே தேவேந்திரன் தன் நோட்டை இன்னொரு தரம் புரட்டினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, பை நிறைய மட்டைகள். கையுறையை மட்டும் வலது கையில் மாட்டியிருந்தார். வலது கைக்காரர்கள் இடது கையில்தான் போட வேண்டும் என்று வெங்கடேசன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கைதேர்ந்தவர்களுக்கு அதில் ஏதோ நுட்பம் இருக்கும் என்று நினைத்த தேவேந்திரன், புதருக்குப் பின்னால் போய்த் தன் உறையையும் கை மாற்றிக்கொண்டார். கட்டைவிரல் எங்கே போவதென்று தெரியாமல் தனியாக விறைத்து நின்றது.

இரண்டாவது குழியிலேயே அவர் பந்து ஒரு பனைமரத்தடியில் போய் மாட்டிக்கொண்டது. இந்த மாதிரி இடத்தில் வீரம் காட்டாமல் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது நோட்டின் ஐந்தாம் பக்கம். ஆனால் வருங்காலச் சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது ஐந்தாம் பக்கமா ஞாபகம் வரும்? நேராக அடித்தார். பந்து மரத்தில் மோதி, அவர் தலைக்கு மேலே பறந்து, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அது போன திசையைப் பிரேம்நாத் கூர்ந்து பார்த்துவிட்டு, இப்படியும் அடிக்கலாம் போல என்றார். தேவேந்திரனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஆனால் மனிதர் தங்கமானவர்தான். அடுத்த குழியில் தொடர்ந்து மூன்று பந்துகளைக் குளத்துக்குள் அடித்துவிட்டு, காற்று அதிகம் என்று மட்டும் சொன்னார். அங்கே புல் நுனிகூட ஆடவில்லை. தன்னைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று வேண்டுமென்றே தண்ணீரில் போடுகிறார் என்பது தேவேந்திரனுக்குப் புரிந்தது. ஒவ்வொரு முறையும் இவரையே முதலில் அடிக்கவிட்டு, நின்று கவனித்தார். அந்தப் பெருந்தன்மைதான் தேவேந்திரனை இன்னும் பயமுறுத்தியது.

அந்தப் பயத்தோடு கடைசிக் குழிக்கு வந்தபோதுதான் பந்து இந்த மணல் பள்ளத்தில் விழுந்தது. மணலில் கிடக்கும் பந்தை அடிக்கக் கூடாது, அதற்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலைத்தான் அடிக்க வேண்டும் என்பது வெங்கடேசனின் பாடம். தேவேந்திரன் அதை அப்படியே செய்தார். மணல் போனது, பந்து அங்கேயே இருந்தது. நான்கு, ஐந்து, ஆறு. குழியில் நிற்கும் கொடியைப் பார்க்காதே, மூச்சை விடு, தோளைத் தளர்த்து என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மகள் முகம் கண்ணுக்குள் வந்தது. ஏழாவதாக, பலத்தையெல்லாம் திரட்டி வீசினார்.

ஒரு கூடை மணல் கிளம்பியது. அது பிரேம்நாத்தின் வெள்ளைச் சட்டை, மூக்கு, திறந்திருந்த வாய் எல்லாவற்றிலும் போய் இறங்கியது. பந்து தேவேந்திரனின் காலடியிலேயே கிடந்தது.

மட்டை கையிலிருந்து நழுவியது. இளவரசியின் கல்யாணத்தைத் தன் கையாலேயே மணலில் புதைத்துவிட்டோம் என்று நினைத்த தேவேந்திரன், அப்படியே பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"மன்னிச்சிக்கோங்க சார். எனக்கு இந்த ஆட்டமே வராது. உங்களுக்கு கோல்ஃப்னா உயிருன்னு எம் பொண்ணு சொல்லிச்சி. அதுக்கோசரம்தான் நாப்பது நாளா கத்துக்கினு இருக்கேன்."

 பிரேம்நாத் வாயிலிருந்த மணலைத் துப்பினார். தொப்பியைக் கழற்றி உதறினார். பிறகு சறுக்கிக்கொண்டே பள்ளத்துக்குள் இறங்கி, தேவேந்திரனுக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"உங்களுக்கு கோல்ஃப்னா உயிருன்னுதாங்க குருவும் எங்கிட்ட சொன்னான்."