இரண்டு விரல் குறைவு

"அக்கா, ஃப்ரிட்ஜுல இருந்த புட்டிங்கை எடுத்துத் தின்னியா?"

குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனாலும் கூடத்தில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த மனைவியின் காதில் விழுந்துவிட்டது.

அக்கா பூண்டு உரிப்பதை நிறுத்தினாள். "ஏன்டா?"

"நேத்து விளிம்பு வரைக்கும் ஊத்தினேன். இப்பப் பாரு, ரெண்டு விரல் இறங்கிக் கிடக்கு."

மறுநாள் மனைவியின் அலுவலகத்தார் இருபது பேர் விருந்துக்கு வருகிறார்கள். அவளுக்கு மேலாளர் பதவி கிடைத்திருக்கிறது. அவருக்கோ, கம்பெனியை மூடி வீட்டுக்கு அனுப்பி எட்டு மாதம்.

"ஸ்வீட் வெளியில சொல்லிடலாங்க" என்று அவள் சொன்னபோது சுருக்கென்றது. "அதுகூட என்னால முடியாதா?" என்று வீம்பாக இறங்கிவிட்டார்.

பதினொரு முட்டை. டின் பால் மூடியைப் பிரிக்கும்போது கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டார். வீட்டில் அகப்பட்டது மகள் சின்னவளாக இருந்தபோது வாங்கிய பிளாஸ்திரி, மஞ்சள் வாத்துப் படம் போட்டது. அக்காதான் ஒட்டிவிட்டாள்.

"அம்பத்தாறு வயசுல வாத்து" என்று மனைவி சிரித்தாள்.

சீனியைப் பொன்னிறமாக உருக்கி, கலவையை ஊற்றி, பாத்திரத்தின் வாயைக் காகிதத்தால் கட்டி ஆவியில் வேகவைத்தார். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, விருந்து வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டார். இன்று பகலெல்லாம் நாற்காலிக்கும் தட்டுக்கும் அலைந்துவிட்டு வந்தவர், மனசு பொறுக்காமல் தானே காகிதத்தைப் பிரித்துப் பார்த்தால் இந்தக் கூத்து.

"மேல கரண்டியால தடவி, தெரியாத மாதிரி வழவழன்னு வேற ஆக்கி வச்சிருக்கே. சர்க்கரை வியாதிக்காரி, மூணுல ஒரு பங்கு தின்னா என்னத்துக்கு ஆகும்? கேட்டிருந்தா ஒரு துண்டு குடுத்திருக்க மாட்டேனா?"

மனைவி சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். அக்கா அவளைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், பிறகு தம்பியின் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"காயம் ஆறிடுச்சாடா?"

"பேச்சை மாத்தாதே."

"ஆமாடா. நான்தான்" என்றாள் அக்கா. "நாக்கு கேக்கல."

மறுபடி பூண்டு உரிக்க உட்கார்ந்தாள்.

"விடுங்க, அண்ணி வயசுக்கு இதெல்லாம் ஒரு பேச்சா" என்றாள் மனைவி. அந்த அனுதாபம் அக்காவுக்கு இன்னும் வலித்திருக்கும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாள் மாலை தட்டில் கவிழ்த்ததும் புட்டிங் தளதளவென்று நின்றது. பாகு நாலா பக்கமும் வழிந்தது. வாயில் போட்டவர்களெல்லாம் கண்ணை மூடினார்கள்.

"மேடம், சாரைக் கடன் குடுங்க" என்றார் பெரிய தொண்டைக்காரரான காசாளர். "ஆனா துண்டுதான் கொஞ்சம் சின்னது."

எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு கூட்டம் அவர் வாயைப் பார்த்தது. அந்தப் போதை தலைக்கேறியது.

"நான் செஞ்சது பெருசுதான் சார். மூணுல ஒரு பங்கை எங்க அக்கா தீர்த்துட்டாங்க. நீங்க சாப்பிடறது அவங்க மிச்சம் வச்சது."

வீடு அதிரச் சிரித்தார்கள். தண்ணீர்க் கூஜாவோடு வந்த அக்கா அப்படியே திரும்பி உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் எச்சில் காகிதத் தட்டுகளைத் திரட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். குப்பை வண்டி வந்து மூன்று நாளாகிறது. நிரம்பி நின்ற வாளியில் தட்டுகளை அழுத்தித் திணித்தபோது அடியிலிருந்த பொட்டலம் பிதுங்கிக் கிழிந்தது. உள்ளே மஞ்சளும் பழுப்புமாக ஒரு முழுப் புட்டிங். புளித்த வாடை.

அதன் நடுவில் ஒரு வாத்து.

கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். பிளாஸ்திரி குளிக்கும்போது போயிருக்கும் என்று நினைத்திருந்தார்.

"மூடுடா அதை. உன் பொண்டாட்டி வந்துடப் போறா."

பின்னால் அக்கா நின்றிருந்தாள்.

"நேத்துக் காலையில காப்பி குடுக்கும்போது உன் விரல் வெறுமனே இருந்துச்சு. எனக்குப் பக்குன்னுச்சு. நீ வெளியில போனதும் பிரிச்சுப் பார்த்தேன். வேற செஞ்சு வைக்கலாம்னா வீட்டுல ஏழு முட்டைதான் இருந்துச்சு. படி இறங்கிக் கடைக்குப் போக முழங்கால் விடல. அதான் ரெண்டு விரல் குறைஞ்சு போச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"அவ பக்கத்துல நிக்கும்போதா? இந்த வீட்டுல நீ ஆசையாச் செஞ்ச ஒரே காரியம்டா அது."

அவர் வாளியை மூடினார். கூடத்திலிருந்து காசாளரின் குரல் வந்தது. "செஞ்ச கை எங்கே? ஒரு போட்டோ எடுக்கணும்."

அவர் விடுவிடுவென்று போய்க் கூடத்தின் நடுவில் நின்றார். பின்னாலேயே வந்த அக்கா, வேண்டாம் என்பதுபோல் கண்ணால் கெஞ்சினாள்.

"ஒரு நிமிஷம், எல்லாரும் கேளுங்க" என்றார். "இந்தப் புட்டிங் நான் செஞ்சதில்லை. இது எங்க அக்கா..."

"மிச்சம் வச்சதுதானே?" என்றார் காசாளர். "அதான் அப்பவே சொல்லிட்டீங்களே சார்."

வீடு மறுபடி அதிர்ந்தது. எல்லோருக்கும் முந்தி, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அக்காதான்.

இப்போதும் சொல்லியிருக்கலாம். அவர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்.