முதலிடம்

இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் ஆய்வாளர் அந்தப் பள்ளிக்கூடத்துப் படியேறினார்.

கல்வி, விலைவாசி, சுற்றுச்சூழல் மூன்றுக்கும்தான் இந்த வருஷம் முன்னுரிமை என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. எல்லாப் பள்ளிகளும் தங்கள் நிலைமையைக் கடிதமாக எழுதி அனுப்ப, அலுவலகம் அவற்றைப் பட்டியலாகத் தொகுத்திருந்தது. அதில் பசுமைப் பள்ளிப் பரிசுக்கு முதலிடம் பிடித்தது, யாரும் கேள்விப்படாத இந்தப் பள்ளி.

கரண்ட் செலவே கிடையாதாம். பஸ் புகை கிடையாதாம். புது நோட்டு வாங்குவதே இல்லையாம். புளுகினாலும் பொருந்தப் புளுக வேண்டாமா? பொய் என்று அவர் எழுதிக் கொடுத்தால் தலைமையாசிரியையின் வேலைக்கே உலை.

அந்த அம்மாளோ வாசலுக்கே ஓடிவந்து வரவேற்றார். கடிதத்தைப் படித்துவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது. ஆய்வாளருக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

வகுப்பில் விளக்கு எரியவில்லை. பிள்ளைகள் ஜன்னலோரமாக நெருக்கியடித்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நான் வருகிறேன் என்று அணைத்துவிட்டீர்களா என்றார் ஆய்வாளர். தலைமையாசிரியை தானே போய் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டினார். ஒன்றும் எரியவில்லை.

"நல்லாப் பாத்துக்குங்க சார். எல்லா ரூமும் இப்படித்தான்."

மெயினை அணைத்திருப்பார்களோ என்று மீட்டரைப் பார்க்கப் போனார். மீட்டர் இருந்த பெட்டிக்குள் அணில் கூடு கட்டியிருந்தது.

பஸ்ஸை எங்காவது ஒளித்து வைத்திருக்கலாம். ஒரு சிறுமியைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படி வருகிறாய் என்று விசாரித்தார். நடந்துதான், ஒரு மணி நேரமாகும் என்றாள் அவள். தலைமையாசிரியை குறுக்கே வந்து, செருப்பைத் திருப்பிக் காட்டும்மா என்றார். அடிப்பகுதி தேய்ந்து விரல் தெரிந்தது.

நோட்டுகளைப் புரட்டினார். போன வருஷம் பென்சிலில் எழுதியதை அழித்துவிட்டு, அதன் மேலேயே இந்த வருஷப் பாடம். அழித்து அழித்துத் தாள் வெங்காயத் தோலாகிவிட்டது. விற்கிற விலைக்குப் புதுசு கட்டுப்படியாகாது என்றார் அந்த அம்மாள்.

ஆய்வாளருக்குத் தலை சுற்றியது. பொய் சொல்கிறவர்கள் மழுப்புவார்கள், வேறு பேச்சுக்குத் தாவுவார்கள். இவரானால் கடைக்காரர் சரக்கைப் பிரித்துப் போடுகிற மாதிரி ஒன்றுவிடாமல் எடுத்துக் காட்டுகிறார். எங்கே இடிக்கிறது என்றே பிடிபடவில்லை.

கடைசியில் அலுவலக அறையில் உட்கார்ந்து, பட்டியலில் ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் 'உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனசார எழுந்து கைகுலுக்கவும் செய்தார்.

"வாழ்த்துகள் மேடம். பசுமைப் பரிசு உங்க பள்ளிக்குத்தான். அடுத்த வருஷமும் இப்படியே இருக்கணும், எதையும் மாத்திடாதீங்க."

தலைமையாசிரியை விழித்தார்.

"பரிசா? எதுக்கு சார்?"

"இந்தப் பட்டியலுக்குத்தான். நீங்க எழுதி அனுப்பினதுதானே?"

அந்த அம்மாள் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு, தப்புச் செய்துவிட்டவரைப் போலத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"நாங்க பரிசு கேட்டு எழுதலையே சார்... எங்களுக்கு என்னென்ன வேணும்னுதானே எழுதினோம்."